சிக்கனச் சவரம்

அபர்தீன்
8 செப்டம்பர் 2013

அன்புள்ள இஷ்பெல்,

நீ கப்பலேறிய பிறகு இந்த வீட்டில் நடந்த முதல் பெரிய நிகழ்ச்சியை உனக்கு முறைப்படி தெரிவிக்கிறேன். இரண்டு இரவு யோசித்து, நேற்றுக் காலை கடையில் சவர சாமான்கள் அடுக்கின் முன்னால் நின்று, இனி ஐந்து பிளேடு வைத்த ரேசர் தலை வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தொப்பி கையில் இருந்தது. அது தற்செயல்தான், ஆனாலும் இறுதி விடை கொடுப்பதற்குப் பொருத்தமாக இருந்தது.

அந்தத் தலைகளைத் திருட்டுப் பயத்தில் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விஸ்கியையே வெளியில் வைக்கிற கடை அது. கடைப்பெண் சாவியோடு வந்தாள். "தொறந்து தரட்டுமா சார்?" என்றாள்.

"வேண்டாம்மா. இனிமே எப்பவுமே வேண்டாம்."

"அதுவும் சரிதான் சார். தாடி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்."

அவளுக்கு விஷயம் புரியவில்லை. என் தணிக்கைப் பிரிவில் இருக்கும் டூகலைத் தெரியுமல்லவா, காது சிவந்த ஆள். அவன் ஒரு வருடமாகப் பழைய முறையில் சவரம் செய்கிறான். ஒரு இரும்பு ரேசர், அதில் இருபக்க பிளேடு ஒன்று, பிரஷ்ஷால் குழைத்த நுரை. "ஒரு தடவ வாங்கிட்டா சாகுற வரைக்கும் போதும்டா" என்றான். ஒரு பாக்கெட் பிளேடு ஒரு கோப்பை டீயின் விலைதான். நகரசபைக் கணக்கில் இருபது வருடமாகப் பிறர் செலவைத் தணிக்கை செய்தவன், என் தாடையில் நடந்த கொள்ளையைக் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பவை ஒரு ரேசர், ஒரு பிரஷ், ஒரு சோப். மனிதனுக்கு இதற்கு மேல் எதற்கு? மிச்சமாகும் பணத்தில் மாதம் ஒருமுறை உன்னைப் பார்க்கக் கப்பலேறி வருவதாக உத்தேசம்.

போனில் நான் "ம்" தவிர எதுவும் சொல்வதில்லை என்று கடிதம் எழுதச் சொன்னாய். பார், எவ்வளவு எழுதியிருக்கிறேன்.

உன்
லாக்லன்


அன்ஸ்ட் தீவு, ஷெட்லாந்து
19 செப்டம்பர் 2013

என் லாக்லனுக்கு,

இங்கே நான் சுகம். காற்று என்னைவிட சுகம். நேற்று பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியைக் காணோம் என்று தேடினோம். அது பக்கத்துப் பண்ணையில் ஆடுகளோடு நின்றது. பிள்ளைகள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் என்னை ஒரே நேரத்தில் கேள்வி கேட்கிறார்கள். அபர்தீனில் முப்பது பேர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த வகுப்பை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வீட்டு இனாதான் கடையும் தபாலும் பார்க்கிறாள். உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "தடிமனா இருக்கே, சண்டையா?" என்றாள். "சவரம்" என்றேன். எனக்கு ஒரு ரொட்டி அதிகமாக வைத்தாள்.

மாதம் ஒருமுறை வருவேன் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அக்டோபர் விடுமுறைக்கு வா. ஓராண்டுக்கு மட்டும் வந்த மாற்று ஆசிரியைக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் உள்ள வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறது.

அன்புடன்
இஷ்பெல்


அபர்தீன்
20 அக்டோபர் 2013

அன்புள்ள இஷ்பெல்,

விடுமுறைக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். பயணத்துக்கு வைத்த தொகை தற்காலிகமாக முதலீட்டில் இருக்கிறது. விளக்குகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாமல் எதையும் தணிக்கை செய்ய முடியாது. இது எங்கள் அலுவலகத்தின் அடிப்படை விதி. ஒரே ஒரு ரேசரை வைத்துக்கொண்டு அது சிக்கனமானது என்று எப்படிச் சொல்வது? ஆகவே இரண்டாவது வாங்கினேன். இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன. மூன்றாவது நடுவராக வந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, துறைமுகத்தின் பின்னால் இருக்கும் மதுக்கடையின் உள்ளறையில், ஈரச் சவர அன்பர்கள் கூடுகிறார்கள். தலைவர் மிஸ்டர் ஆபர்க்ரோம்பி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். டூகல் என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் என் தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "தம்பி, நீ இத்தன நாளா மூஞ்சிய வழிச்சிருக்க, சவரம் பண்ணல" என்றார். எனக்கு அவமானமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு மரப்பெட்டி நிறைய சோப்பும் ரேசருமாகத் தபாலில் அன்பர் வீடு வீடாகச் சுற்றிவரும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் குறையாத ஒன்றை அந்த இடத்தில் வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இதைவிடச் சிக்கனம் உண்டா? நான் இத்தாலிய பாதாம் சோப் ஒன்றை இலவசமாக எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு வைக்க ஒன்று வாங்க வேண்டியிருந்தது. நான்காக வாங்கினால் தபால் செலவு இல்லை என்றார்கள். தபால் செலவை வீணாக்க நான் என்ன முட்டாளா? ஒரு சோப் நான்கு மாதம் வரும், இதுவரை சேர்ந்தவற்றின் பட்டியலைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

உன்
லாக்லன்


அன்ஸ்ட்
3 நவம்பர் 2013

என் லாக்லனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து சிரித்தேன். பிறகு அந்த நாற்காலியில் துவைத்த துணியைப் போட்டேன்.

பிள்ளைகளிடம் குடும்பப் படம் வரையச் சொல்லியிருந்தேன். என்னையும் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். முன்வரிசையில் உட்காரும் சின்னவள் கேட்டாள்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் நெசமாவே இருக்காரா? இல்ல கடிதாசியில மட்டுந்தானா?" மற்ற ஆறு பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இனாவுக்கும் கணக்கில் ஆர்வம். "ஒரு மூஞ்சிக்கு எத்தனை சோப்புடி?" என்றாள். ஒரு சோப் நான்கு மாதம் வரும் என்று நீயே எழுதியிருந்தாய். நீ போன மாதம் பட்டியலிட்ட சோப்புகளை எல்லாம் தீர்க்க வேண்டுமென்றால் நீ நூற்றுப்பன்னிரண்டு வயது வரை வாழ வேண்டும் என்று கண்டுபிடித்தோம். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அப்போது கப்பலேற உனக்குச் சிரமமாக இருக்கும்.

வெந்நீர்ப் பை இல்லாமல் தூங்காதே. கிறிஸ்துமசுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்
இஷ்பெல்


அபர்தீன்
17 நவம்பர் 2013

அன்புள்ள இஷ்பெல்,

கணக்கில் ஒரு சிறு திருத்தம். நீங்கள் இருவரும் கட்டி சோப்பை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். களிம்பு வடிவில் உள்ளவற்றையும் சேர்த்தால் நூற்று முப்பத்தொன்று வருகிறது. தணிக்கையில் இப்படிப்பட்ட விடுபடல்களை நாங்கள் மன்னிப்பதில்லை, உங்களுக்காக மன்னிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஸ்டர் ஆபர்க்ரோம்பி சொல்கிறார்: "வாங்குனா செலவு. வெச்சிருந்தா சொத்து." முப்பது வருடம் வங்கியில் இருந்தவர், சும்மா சொல்ல மாட்டார்.

எதிர்வீட்டு மிசஸ் பர்னெட் நேற்று வாசலில் நிறுத்தி, "ஏம்ப்பா, உன் வீட்டுல தெனமும் எவளோ மணக்குறாளே, இஷ்பெலுக்குத் தெரியுமா?" என்றார். லாவெண்டர் என்றேன். "பேரு எதுவா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே நானே உனக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு வருகிறாய் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. குளியலறையைச் சற்று ஒழுங்குபடுத்துகிறேன்.

உன்
லாக்லன்


அன்ஸ்ட்
12 ஜனவரி 2014

என் லாக்லனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வீட்டில் இருந்தபோது சொல்லாததை எழுதுகிறேன். போனில் உன் பழக்கம் எனக்கு நேரில் வருகிறது போலிருக்கிறது.

தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த ரேசர்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் குளித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. புத்தாண்டு பிறந்ததும் நம் வீட்டு அதிர்ஷ்டத்துக்காக முதல் காலடி வைக்க வந்த டூகல், வழக்கமான நிலக்கரித் துண்டுக்குப் பதிலாகச் சந்தன சோப்போடு வந்ததும் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் உன் பக்கத்தில் வந்தேனே, நினைவிருக்கிறதா? "இரு இரு, இன்னும் காயல" என்றாய். முகத்தில் பூசியது காய இருபது நிமிடம் ஆகும் என்றாய். நான் போய் உருளைக்கிழங்கு உரித்தேன்.

இனி முக்கியமான செய்தி. இங்கே தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை எனக்கு நிரந்தரமாகத் தருகிறார்கள், வீட்டோடு. மார்ச் 28, வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது வேண்டாமென்று எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டால் ஓராண்டு என்று சொல்லி வந்தது வாழ்க்கை என்றாகிவிடும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வேண்டாமென்று சொல்ல ஒரே ஒரு காரணம் இருந்தால் போதும், லாக்லன். நான் திரும்பி வர வேண்டும் என்று நீ நினைக்கிறாயா?

அன்புடன்
இஷ்பெல்


அபர்தீன்
26 ஜனவரி 2014

அன்புள்ள இஷ்பெல்,

முதலில் மனமார்ந்த வாழ்த்துகள். அவர்கள் உன்னைக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

விஷயத்தை எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஓய்வூதியம் நல்லது. குளிர் நல்லதல்ல. உன் தொழில் விஷயத்தில் கணவன் தலையிடுவது நாகரிகமில்லை என்பது என் கருத்து. உன் முடிவு உன்னுடையது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். நினைப்பது உண்டு. அதை அவசரத்தில் எழுதக் கூடாது.

இதற்கிடையே ஒரு செய்தி. எடின்பரோவில் நடந்த ஏலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு ரேசர் நான் கேட்ட விலைக்குக் கிடைத்தது. கடையிலிருந்து வந்த பெட்டியில் அப்படியே, சீல் உடையாமல் இருக்கிறது. அறுபது வருடமாக ஒரு கன்னத்தையும் தொடாத ரேசர்! சங்கத்தில் அதைக் காட்டியபோது இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். "தொறந்து பாக்க வேண்டாமா?" என்றேன். மிஸ்டர் ஆபர்க்ரோம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொறந்தா அது வெறும் ரேசர், தம்பி."

ஆகவே அலமாரியில், திறக்காமல் வைத்திருக்கிறேன். இப்போதைக்குப் பழையவற்றையும் அதிகம் பயன்படுத்துவதில்லை. வாரநாட்களில் அலுவலகத்துக்குப் போக, மூலைக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ரேசரே போதுமாக இருக்கிறது. அது மிகவும் மலிவு.

உன்
லாக்லன்


அன்ஸ்ட்
9 பிப்ரவரி 2014

என் லாக்லனுக்கு,

உன் கடிதத்தில் என் கேள்விக்குப் பதில் எங்கே என்று தேடினேன். இனாவிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், மன்னித்துக்கொள். "ஏலம் வரைக்கும் வந்துட்டேன், இன்னும் ஒண்ணும் ஆப்படலியே" என்றாள்.

சரி, எழுத வராது என்றால் நேரில் சொல். மார்ச் 21, வெள்ளிக்கிழமை மாலைக் கப்பலுக்கு உனக்கு டிக்கெட் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் சேமிப்பைத் தொட வேண்டாம். சனிக்கிழமை காலை லெர்விக் துறைமுகத்தில் நிற்பேன். வீட்டைப் பார், ஜன்னலைப் பார், அந்தச் சின்னவளிடம் நீ நிஜம் என்று காட்டு. பிறகு உன் வாயால் "வா" என்றோ "இரு" என்றோ சொல். இரண்டில் எது சொன்னாலும் எனக்கு உதவும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுத வேண்டியதை எழுதிக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள். சவரம் செய்யாமலே வா. உன் ஞாயிற்றுக்கிழமைத் தாடையோடு பதினெட்டு வருடம் இருந்தவள் நான்.

அன்புடன்
இஷ்பெல்


அபர்தீன்
9 மார்ச் 2014

அன்புள்ள இஷ்பெல்,

வருகிறேன். விடுப்புக் கிடைத்துவிட்டது. டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். டூகல் அதை எடுத்து வாசித்துவிட்டு, "அக்கறையோட வாங்கிருக்காடா, ஜன்னல் சீட்டு" என்றான்.

சவரம் செய்யாமல் வரச் சொன்னது உன் பெருந்தன்மை. அதை நான் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன். இவ்வளவு மாதம் கழித்து உன் முன்னால் முள்ளோடு நிற்பதா? ஆனால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. கப்பல் ஆடும், அதில் நின்று நல்ல பிளேடை முகத்தில் வைக்க முடியாது. காலையில் லெர்விக்கில் இறங்கும்போது தாடை புதிதாக இருக்க வேண்டுமென்றால், ஏறுவதற்கு முன் எவ்வளவு தாமதமாக முடியுமோ அவ்வளவு தாமதமாக, எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டச் சவரம் செய்ய வேண்டும். சங்கத்தில் இதை ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். எதிர்க் கருத்து இல்லை.

இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறேன். ஏல ரேசரைத் திறக்கப் போகிறேன். மிஸ்டர் ஆபர்க்ரோம்பி, "யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். யோசித்துவிட்டேன். உனக்காகத் திறக்கிறேன், இஷ்பெல்.

உன் கேள்விக்கான பதிலும் தயார். நேரில் சொல்கிறேன்.

உன்
லாக்லன்


அபர்தீன்
22 மார்ச் 2014

அன்புள்ள இஷ்பெல்,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அதுதான் நியாயம்.

நேற்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பெட்டி கட்டியாகிவிட்டது. கப்பல் ஏழு மணிக்கு, ஆறரைக்குள் ஏறியிருக்க வேண்டும். நான்கு மணிக்கு ஏல ரேசரின் சீலை உடைத்தேன். உள்ளே சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதம் அறுபது வருடத்தில் கோந்தாக மாறி உலோகத்தோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் ஊற வைத்துச் சுரண்டாமல் எடுப்பதற்கே ஐந்து தாண்டிவிட்டது. அப்போதே பழைய ரேசரை எடுத்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஆனால் சீலை உடைத்தாகிவிட்டது. உடைத்த பிறகு பயன்படுத்தாமல் விட்டால் அது இரட்டை நஷ்டம்.

மயிர்ப் போக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, எதிரே ஒரு முறை. எதிரே போகும்போது அவசரப்பட்டால் ரத்தம் வரும். ஆகவே அவசரப்படவில்லை. இஷ்பெல், என் வாழ்நாளில் அப்படி ஒரு சவரம் அமைந்ததில்லை.

டாக்சி வாசலில் ஹாரன் அடித்தது காதில் விழுந்தது. காய்வதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்தேன். துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் நின்றுகொண்டுதான் இருந்தது. ஏறும் கதவைத்தான் மூடியிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்தான் லேட்டு" என்றேன்.

"பத்து" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"என் மனைவி அங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் பளபளன்னு வந்திருக்கீங்க. பாவம். கதவு மூடியாச்சு சார்."

உன் வீட்டுக்கும் கைபேசிக்கும் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ பள்ளி முடிந்ததும் லெர்விக்குக்குக் கிளம்பியிருப்பாய் என்று அப்புறம்தான் தோன்றியது. இன்றைய கப்பலில் வரலாம் என்றால், புயலால் திங்கட்கிழமை வரை எல்லாம் ரத்து. காலையில் மிஸ்டர் ஆபர்க்ரோம்பி ஆறுதல் சொல்ல வந்தார். அனுமதி கேட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பதினாறு மணி நேரம் ஆச்சு, இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கேப்பா" என்றார். அதாவது லெர்விக் வரை தாங்கியிருக்கும். எங்கள் கணிப்பில் தவறில்லை.

நீ கேட்டதற்கான பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது. எவ்வளவோ நாளாகப் பத்திரமாக வைத்திருப்பதை இப்படி ஒரு மன்னிப்புக் கடிதத்தின் அடியில் எழுதி வீணாக்க மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு நீ வரும்போது நேரில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக் கெடுவை அவர்கள் சற்றுத் தள்ளிவைக்க மாட்டார்களா? கேட்டுப் பார்.

மிகுந்த வருத்தத்துடன், உன்
லாக்லன்


அன்ஸ்ட்
30 மார்ச் 2014

என் லாக்லனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கோபம் எதுவும் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அதை நினைத்துத் தூங்காமல் இருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இரவு லெர்விக்கில் இனாவின் சித்தி வீட்டில் தங்கினேன். என் கைபேசியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கப்பல் வந்தது. ஃபிளாஸ்க்கில் டீ, இரண்டு கோப்பை. நடந்து வருபவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். பிறகு கார்கள். கடைசியில் ஆட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு லாரி. கேட்டைச் சாத்த வந்தவர், "யாரையாச்சும் எதிர்பாக்குறீங்களாம்மா?" என்றார். "கப்பல்ல இன்னும் யாராவது தூங்கிட்டிருப்பாங்களா?" என்றேன். அவர் எனக்காக உள்ளே போய், ஒவ்வொரு தளமாகப் பார்த்துவிட்டு வந்தார். வெகுநேரம் ஆயிற்று. அவருக்கு ஒரு கோப்பை டீ கொடுத்தேன்.

கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியுமாம், ஒரு மாதம் தருவதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு மாதத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டேன். இனா ஸ்டாம்ப் ஒட்டினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

அந்த ரேசரை நீ எனக்காகத் திறந்தாய் என்பது எனக்குப் புரிகிறது. அதைப் பெட்டியில் திரும்ப வைத்துவிடாதே. தினமும் அதிலேயே சவரம் செய். மிஸ்டர் ஆபர்க்ரோம்பி என்ன சொன்னாலும் கேட்காதே.

ஈஸ்டருக்கு வரவில்லை. பிள்ளைகளோடு படகுப் போட்டி இருக்கிறது. என் குளிர்காலக் கோட்டையும் தையல் மிஷினையும் சரக்குக் கப்பலில் போட்டால் போதும், அவசரமில்லை. கணப்பு அடுப்பின் குழாயைச் சுத்தம் செய்ய ஆள் வரச் சொல், இரண்டு வருடமாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

என் பெயருக்கு அங்கே வரும் தபாலை இந்த முகவரிக்குத் திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து அமலுக்கு வருகிறது.

இஷ்பெல்